நன்னூற் பொதுப்பாயிரமும் சமூக ஊடகக் கல்வியும்

1. தோற்றுவாய்

கல்வி நிகழ்வதற்கு நூல், ஆசிரியன், மாணாக்கன் என்னும் மூன்றும் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. இம்மூன்றும் இருந்தும், சொல்லும் முறையும் கேட்கும் முறையும் செவ்வையாக அமையாவிடின் கல்வி நிரம்பாது என்பது நம் இலக்கண நூலார் கண்ட நுட்பமாகும். அதனாலேயே, 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், நூலின் இயல்பு, ஆசிரியன் இயல்பு, பாடஞ்சொல்லும் இயல்பு, மாணாக்கன் இயல்பு, பாடங்கேட்கும் இயல்பு என்னும் ஐந்தினையும் பொதுப்பாயிரத்துள் வைத்து ஓதினார். எழுத்தும் சொல்லும் கூறப் புகுந்த ஒரு நூல், அவற்றைக் கற்கும் முறையை முதற்கண் கூறுவது எண்ணத்தக்கது.

ஓலைச்சுவடிக் காலத்துக் கல்விக்கென எழுந்த அப்பாயிரத்தைக் கொண்டு, இற்றைநாள் கைப்பேசித் திரையில் நிகழும் கல்வியை அளத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். அளவுகோல் பழையதாயினும் அளக்கப்படும் பொருள் மாறவில்லை. கேட்டலும் நினைத்தலும் வினாதலும் உரைத்தலுமே அன்றும் இன்றும் கல்வி. ஆதலின் அவ்வளவுகோலைக் கொண்டு சமூக ஊடகம் கல்விக்கும் அன்றாட வாழ்விற்கும் செய்வனவற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்தாக அமைந்த நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் கூறுதல் தகும். சில ஆண்டுகட்கு முன், முதுகலை மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வேட்டினைப் படிக்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளர்க்குக் கிடைத்தது. அதன்கண் நாலடியார்ச் செய்யுள் என ஒன்று எடுத்துக்காட்டப்பட்டிருந்தது, பாட்டெண் குறிக்கப்படவில்லை. நாலடியாரின் 400 வெண்பாக்களுள்ளும் அது காணப்படவில்லை. அதன் ஈற்றடி முச்சீரால் முடியாமல் நாற்சீர் பெற்றிருந்தமையின், அது வெண்பாவே அன்று என்பதும் தெளிவாயிற்று. மாணவரை வினவியபோது, அது வாட்ஸ்அப் குழு ஒன்றின் வழியாகத் தமக்குக் கிடைத்தது என்றார். அவர் பள்ளி ஒன்றில் ஆசிரியராகவும் பணியாற்றி வந்தவர். அச்செய்யுளைத் தம் மாணவர்க்கு மனப்பாடமாகக் கற்பித்திருந்தார். அச்சிறுவர் ஒப்புவித்தல் போட்டியில் அதனைச் சொல்லிப் பரிசும் பெற்றிருந்தனர். அவர்பால் வஞ்சனை சிறிதும் இல்லை. தமிழார்வம் மிகுதியாக இருந்தது. ஆர்வமும் நேர்மையும் உடைய ஒருவர் பொய்ப்பாடத்தைக் கற்றதும், கற்பித்ததும் எங்ஙனம் என்பதே ஈண்டு எழும் வினா.

2. ஊடகத்தின் இயல்பு

செய்தியைப் பெறுவோர் அனைவரும் செய்தியைப் பரப்புவோராகவும் இருத்தலே சமூக ஊடகத்தின் தனியிலக்கணம் ஆகும். செய்தித்தாளிலும் வானொலியிலும் சொல்லுவோர் சிலர், கேட்போர் பலர். சமூக ஊடகத்தில் அவ்வேறுபாடு இல்லை. 2004இல் முகநூலும், 2005இல் யூடியூபும், 2006இல் ட்விட்டரும், 2009இல் வாட்ஸ்அப்பும், 2010இல் இன்ஸ்டாகிராமும் தோன்றின. ட்விட்டர் 2023 முதல் எக்ஸ் எனப் பெயர் பெற்றுள்ளது.

இவற்றின் வளர்ச்சியில் மூன்று மாற்றங்கள் கல்வி நோக்கிற் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, விருப்பக்குறி. 2009இல் முகநூல் இதனைப் புகுத்தியபின், ஒரு கருத்தின் மதிப்பு அதற்கு விழுந்த குறிகளின் எண்ணிக்கையால் வெளிப்பட அளவிடப்படலாயிற்று. இரண்டாவது, வரிசை முறை. தொடக்கத்தில் இன்ஸ்டாகிராம் போன்றவற்றில் செய்திகள் வந்த காலமுறையில் அடுக்கப்பட்டன. 2016 முதல் அல்காரிதம் எனப்படும் கணிப்பு நெறியே எதனை முதலிற் காட்டுவது என்பதை முடிவு செய்கின்றது. ஒருவர் எதனை நெடுநேரம் பார்த்தார், எதற்கு மறுமொழி எழுதினார், எதனைப் பிறர்க்கு அனுப்பினார் என்பவற்றைக் கணித்து, அவரைத் திரையில் நிறுத்தி வைக்கத்தக்கது எதுவோ அதனை அந்நெறி முற்படக் காட்டும். மூன்றாவது, குறுங்காணொலி. இந்தியாவில் டிக்டாக் செயலி 2020 சூன் திங்களில் தடை செய்யப்பெற்றது. அதனை அடுத்துச் சூலையில் இன்ஸ்டாகிராமின் ரீல்சும், செப்டம்பரில் யூடியூபின் சார்ட்சும் இந்நாட்டில் தொடங்கப்பெற்றன. குறுகிய நேரத்தில் முடிவதும், முடிந்த அளவிலே அடுத்தது தானே வந்து நிற்பதும் இவற்றின் இயல்பாகும்.

இம்மூன்றனையும் ஒருங்குவைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். பாடத்தின் வரிசையை முற்காலத்தில் ஆசிரியன் வகுத்தான். அச்சுக்காலத்தில் நூலாசிரியனும் பாடத்திட்டமும் வகுத்தன. இங்கோ, கற்போனது சென்ற நொடியின் விருப்பமே அடுத்த நொடியின் பாடத்தை வகுக்கின்றது. அறிந்ததிலிருந்து அறியாததற்குப் படிப்படியாக அழைத்துச் செல்லுதல் ஆசிரியன் தொழில். விரும்பியதிலிருந்து மேலும் விரும்பத்தக்கதற்கு அழைத்துச் செல்லுதல் கணிப்பு நெறியின் தொழில். இரண்டும் ஒருகால் ஒத்துச் செல்லலாம். எப்போதும் ஒத்துச் செல்லும் எனக் கொள்ளுதற்கு இடமில்லை.

3. கல்வியின் காற்கூறுகள்

மாணாக்கன் புலமை பெறும் வகையைப் பவணந்தியார் ஒரு கணக்கு வடிவில் வைத்துக் கூறியுள்ளார். ஆசிரியன் உரைத்தவற்றை முழுதும் மனங்கொண்டாலும் மாணாக்கனுக்கு வாய்ப்பது கால்பங்கு புலமையே. தன்னை ஒத்த மாணாக்கரோடு பயிலுதலால் மற்றொரு கால்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போது நிரம்பும். இதுவே அவர் கருத்து. ஒருமுறை கேட்டு அமையாது இருமுறை கேட்பவன் நூலிற் பிழைபடுதல் குறையும் என்றும், மும்முறை கேட்பவன் அதனை முறையாகப் பிறர்க்கு உரைக்கும் தகுதி பெறுவான் என்றும் அவர் கூறுவர்.

இப்பகுப்பில் இரு செய்திகள் கருதத்தக்கன. ஆசிரியனுக்குக் கால்பங்கே தரப்பட்டுள்ளது. ஆனால் அக்கால்பங்கு முதற்கண் வைக்கப்பட்டுள்ளது. உடன்பயில்வாரும் உரைத்தலும் முக்கால் பங்கு பெறினும், முதற்கால் அமைந்த பின்னரே அவை பயன்தரும். இவ்வரிசை முறைமையை மனத்திற்கொண்டு, சமூக ஊடகம் இம்மூன்று கூறுகளுக்கும் எவ்வாறு உதவுகின்றது, எவ்வாறு இடையூறு செய்கின்றது என இனிக் காண்போம்.

4. உடன்பயில்வார் கூறு

சமூக ஊடகத்தால் பெரிதும் வளர்ந்தது உடன்பயில்வார் வழி வரும் கல்வியே ஆகும். அதனை மறைத்தல் நடுவுநிலை ஆகாது.

தமிழ் நூல்கள் இணையத்தில் ஏறியது கூட்டுறவின் பயனாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பல நாடுகளில் வாழும் தன்னார்வலர் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் அளித்த நூல்களால் வளர்ந்தது. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அத்தகையதே. அக்காலத்தில் எழுத்துரு வேறுபாட்டால் ஒருவர் கணினியில் எழுதியது மற்றொருவர் கணினியில் குறிகளாகச் சிதைந்து தோன்றியது. ஒருங்குறியில் தமிழுக்கென 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டிருந்தும், அது பொதுவழக்காகப் பல்லாண்டுகள் சென்றன. தமிழ்நாட்டரசு 2010இல் ஒருங்குறியையும் தமிழ் அனைத்தெழுத்துக் குறியீட்டையும் ஏற்றது. ஒருங்குறி கைப்பேசியிலும் நிலைபெற்றபின், சிற்றூரில் இருப்பவரும் கடல்கடந்த நாட்டில் இருப்பவரும் ஒரே பாட்டை ஒரே எழுத்தில் படித்து உரையாடுதல் இயல்வதாயிற்று.

2020 மார்ச்சில் கொரோனா தொற்றினால் கல்வி நிலையங்கள் மூடப்பட்டபோது, பாடக் குறிப்புகளும் வினாத்தாள்களும் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகவே பல மாணவரைச் சென்றடைந்தன. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்து, அதனையும் தந்தையார் வேலைக்கு எடுத்துச் சென்ற குடும்பங்களில், மாணவர் மாலைவரை காத்திருக்க நேர்ந்தது. கருவி இல்லாதார்க்குக் கல்வி இல்லை என்னும் புதிய வேறுபாடு அப்போது வெளிப்பட்டது. ஆயினும் கருவி இருந்தவர்க்கு அது துணையாயிற்று என்பதில் ஐயமில்லை.

கல்வெட்டுப் படி ஒன்றின் ஒளிப்படத்தை ஒருவர் வெளியிட, அதனை நால்வர் படித்துத் திருத்தி வாசகம் காண்பதும், ஒரு வட்டாரச் சொல்லின் பொருளைப் பிற வட்டாரத்தார் கூட்டி விளக்குவதும் இன்று நாள்தோறும் நிகழ்கின்றன. வினவுதலும், வினவியவற்றிற்கு விடை கூறுதலும் மாணாக்கன் கடமைகளுள் அடங்கும் எனப் பவணந்தியார் கூறியதற்கு இக்குழுக்கள் ஒரு புதுக்களம் ஆயின. இப்பகுதியில் சமூக ஊடகம் கல்விக்கு ஆக்கமே.

5. உரைத்தற் கூறு

புலமையின் அரைப்பங்கு பிறர்க்கு உரைத்தலால் வரும் என்னும் கருத்து, இக்கால உளவியலாராலும் வேறு வகையில் வலியுறுத்தப்படுகின்றது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு அமெரிக்க உளவியலார், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவரையும், படித்ததை நூலைப் பாராது நினைவிலிருந்து எழுதிய மாணவரையும் ஒப்பிட்டனர். சில நிமிடங்களுக்குப் பின் வைத்த தேர்வில் திரும்பப் படித்தோர் மேம்பட்டனர். ஒரு வாரத்திற்குப் பின் வைத்த தேர்விலோ நினைவிலிருந்து எழுதியோரே மேம்பட்டனர். கற்றதைத் தன் உள்ளத்திலிருந்து மீட்டெடுக்கும் முயற்சியே அதனை நிலைபெறச் செய்கின்றது என்பது இதனால் விளங்கும். பிறர்க்கு உரைப்பவன் இம்முயற்சியை இடைவிடாது செய்கின்றான்; ஆகவே அவனது கல்வி உறுதிப்படுகின்றது.

இனி, சமூக ஊடகத்தில் நிகழும் பகிர்தல் இவ்வுரைத்தலோடு ஒக்குமா என்பது ஆராயத்தக்கது. விரலால் ஒருமுறை தொட்ட அளவில் ஒரு செய்தி நூறு பேரைச் சென்றடைகின்றது. அனுப்பியவர்க்கு அதனைத் தம் சொல்லாற் கூற வேண்டிய தேவை இல்லை. நினைவிலிருந்து மீட்க வேண்டிய தேவை இல்லை. ஐயம் எழுப்புவார்க்கு விடை கூற வேண்டிய கட்டாயமும் இல்லை. முழுதும் படிக்காமலே அனுப்புதலும் கூடும். ஆதலின் பகிர்தல் என்பது உரைத்தலின் தோற்றத்தை உடையதேயன்றி, உரைத்தலின் முயற்சியை உடையதன்று. முயற்சி இல்லாதவழி அதனால் வரும் புலமையும் இல்லை. மாணவர் பலர், நாள்தோறும் இலக்கியச் செய்திகளைப் பகிர்ந்தும், தேர்வறையில் அவற்றுள் ஒன்றனையும் விளக்கி எழுத இயலாது திகைப்பதன் காரணம் இதுவே எனலாம்.

இதற்கு மாறாக, ஒரு குறளுக்குத் தாமே உரை எழுதி வெளியிடுவோரும், ஒரு பாடலின் திணை துறைகளைக் காணொலியில் விளக்குவோரும் உளர். அவர்கள் செய்வது உண்மையான உரைத்தலே ஆகும். மறுப்பு எழுந்தவழி நூலை மீண்டும் நோக்கித் தம் கருத்தைத் திருத்திக் கொள்ளும்போது, பவணந்தியார் கூறிய அரைப்பங்கு புலமை அவர்க்கு வாய்க்கின்றது. ஆகவே ஊடகம் ஒன்றேயாயினும், அதனைக் கையாளும் முறையால் பயன் வேறுபடுகின்றது என அறிதல் வேண்டும்.

6. முதற்கூறும் பாடமும்

ஆசிரியன் வழி வரும் முதற்கூற்றில் இன்றியமையாதது பாடம் தூய்மையாகக் கிடைத்தலே. சமூக ஊடகத்தால் பெரிதும் ஊறுபடுவது இதுவே. அவ்வூறு இருவகைப்படும்: ஒன்று துண்டாக்கல், மற்றொன்று பெயர் மாற்றல்.

துண்டாக்கலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கணியன் பூங்குன்றனார் பாடிய புறநானூற்று 192ஆம் பாட்டு. உலகினர் அனைவரையும் உறவினராகக் கொள்ளும் அதன் முதலடி இன்று கோடிக்கணக்கான திரைகளில் உலவுகின்றது. அப்பாட்டோ அவ்வோரடியோடு முடிவதன்று. நன்மையும் தீமையும் பிறரால் வருவனவல்ல, சாவு புதியதன்று, வாழ்வை இனிது என மகிழ்தலும் துன்பம் என வெறுத்தலும் இல்லை, மலையினின்று இழியும் பேராற்று நீரில் மிதந்து செல்லும் தெப்பம்போல உயிர் ஊழின் வழிச் செல்லும், ஆதலின் பெரியோரை வியத்தலும் இல்லை, சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை எனத் தொடர்ந்து சென்று முடிவது அது. பொதுவியல் திணையில் பொருண்மொழிக்காஞ்சித் துறையில் அதனை வைத்தமைக்குக் காரணம் இம்முழுப்பொருளே. முதலடியை மட்டும் அறிந்தவர் அதனை நாடுகளிடை நட்புக்குரிய ஒரு முழக்கமாகக் கொள்வர். முழுப்பாட்டையும் அறிந்தவரோ, அவ்வொப்புரவு எத்தகைய வாழ்க்கைத் தெளிவிலிருந்து பிறந்தது என்பதையும் உணர்வர். ஓரடியைப் பரப்புதல் குற்றமன்று. ஓரடியே பாட்டென எண்ணச் செய்தல் குற்றமாகும்.

பெயர் மாற்றல், முன்னர்க் கூறிய நாலடியார் நிகழ்ச்சி போல்வது. இது புதிய நோயன்று. பிற்காலத்தார் பாடிய தனிப்பாடல்கள் பல ஔவையார் பெயராலும் கம்பர் பெயராலும் வழங்கியதை அறிவோம். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்னிலை என்னும் நூல் பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றென அச்சேறி அறிஞர் பலரால் நம்பப்பெற்றது. கைந்நிலையே அத்தொகையைச் சார்ந்தது எனப் பின்னர்த் தெளியப்பட்டது. எனினும் அன்றைக்கும் இன்றைக்கும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. அச்சிட்ட நூலுக்குப் பதிப்பாசிரியர் பெயர், ஆண்டு, அச்சகம் என்பன உண்டு. ஆதலின் ஐயுற்றவர் யாரை வினவுவது என்பதை அறிவர். கைம்மாறி வரும் திரைச்செய்திக்கு அவை இல்லை. முதலில் எழுதியவர் யாவர் என்பது ஒரு கை கடந்த அளவிலேயே மறைந்துவிடுகின்றது.

ஏட்டுச்சுவடிகளைத் தேடியலைந்து, பாட வேறுபாடுகளை ஒப்புநோக்கி, 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். 1887இல் கலித்தொகையைச் சி. வை. தாமோதரம் பிள்ளை அச்சேற்றினார். கறையானுக்கும் நெருப்புக்கும் தப்பிய ஏடுகளை இவர்கள் எழுத்தெண்ணிக் காத்தனர். அன்று நூலுக்குப் பகை அழிவு. இன்று நூலுக்குப் பகை பெருக்கம். ஏடு கிடையாமையால் பாடம் மறைந்த காலம் போய், போலிகள் மிகுதியால் பாடம் மறையும் காலம் வந்துள்ளது.

7. திரும்பக் கேட்டலும் நம்பிக்கையும்

இருமுறையும் மும்முறையும் கேட்டல் நன்று எனப் பவணந்தியார் கூறினார். அஃது ஆசிரியன்பால் செம்மையான பாடத்தைக் கேட்டலைக் குறித்தது. பொய்ப்பாடத்தைப் பன்முறை கேட்பின் விளைவு யாது? 1977இல் ஹாஷர், கோல்ட்ஸ்டீன், டாப்பினோ என்னும் மூவர் இதனை ஆராய்ந்தனர். மெய்யும் பொய்யுமாகிய கூற்றுகள் சிலவற்றை இருவார இடைவெளிகளில் மாணவர்க்கு மூன்று முறை கூறி, அவற்றின் உண்மையை மதிப்பிடச் செய்தனர். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்றுகள், மெய்யாயினும் பொய்யாயினும், மேலும் மேலும் உண்மையாகத் தோன்றின. பழகியதை உண்மை என மயங்குதல் மனத்தின் இயல்பு என்பது இதனால் பெறப்படும்.

ஒரே செய்தி உறவினர் குழுவிலும், தெருவார் குழுவிலும், அலுவலகக் குழுவிலும் வந்து சேரும்போது, நால்வர் தனித்தனியே சான்று கூறினாற்போன்ற மயக்கம் உண்டாகின்றது. உண்மையில் அது ஒரு வாயின் கூற்றே; நான்கு செவிகளின் வழி வந்தது. திருநள்ளாற்றுக்கு மேலே வரும்போது செயற்கைக்கோள்கள் சிறிது நேரம் நின்றுவிடுகின்றன என்னும் செய்தி இங்ஙனம் பல்லாண்டுகளாக உலவி வருகின்றது. புவிக்கு அண்மையிற் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு நொடிக்கு 7 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிற் செல்வது; அவ்விரைவே அதனைக் கீழே விழாது தாங்குவது. நின்றால் விழும் என்பது பள்ளி மாணவனும் அறியத்தக்க இயற்பியல். அதனை அறிந்தவருள்ளும் சிலர் இச்செய்தியைப் பகிர்தல், பழக்கத்தின் வலிமையைக் காட்டுகின்றது.

8. அன்றாட வாழ்வு

ஏட்டுக்கல்வியில் நேரும் பிழை மதிப்பெண்ணோடு போகும். அன்றாட வாழ்வில் அதே பிழை உயிரோடு விளையாடுகின்றது.

2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, எத்தெருவில் யார் சிக்கியுள்ளனர், எங்கு உணவும் படகும் உள்ளன என்பவற்றை முகநூலிலும் ட்விட்டரிலும் திரட்டி வழங்கி, இளைஞர் பலர் அரும்பணி ஆற்றினர். அதே வெள்ளத்தின்போதுதான், முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி நீரில் உலவுகின்றன என்னும் பொய்யும் பரவி மக்களை அச்சுறுத்தியது. 2017 சனவரியில் சல்லிக்கட்டுக்கென மெரினாக் கடற்கரையில் பெருந்திரளாக மாணவரும் இளைஞரும் கூடியதில், கட்சித் தலைவர் அழைப்பினும் கைப்பேசி அழைப்பே மிகுதியாக இருந்தது. கூட்டுறவுக்கு இக்கருவி எத்துணை ஆற்றல் உடையது என்பதற்கு இவை சான்று.

அவ்வாற்றலின் மறுபக்கத்தை 2018 காட்டியது. குழந்தைகளைக் கடத்துவோர் ஊருக்குள் புகுந்துள்ளனர் என்னும் பொய்ச்செய்தி வாட்ஸ்அப் வழியாக இந்தியாவின் பல மாநிலங்களிலும் பரவியது. அவ்வாண்டு மே திங்களில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயில் வழிபாட்டிற்குச் சென்ற மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு இனிப்பு வழங்கியதைக் கண்டு ஐயுற்ற கூட்டத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைக்கு இனிப்புத் தருதல் நம் நாட்டு முதியோர் யாவரும் செய்வது. அவ்வன்பையே குற்றத்தின் அடையாளமாகக் காணும்படி, சில நாட்கள் பன்முறை வந்த ஒரு செய்தி அவ்வூரார் கண்களை மாற்றிவிட்டது.

இதன்பின் வாட்ஸ்அப் நிறுவனம் 2018 சூலையில், பிறரிடமிருந்து வந்து அனுப்பப்படும் செய்தி என்பதைக் காட்டும் குறியைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒருமுறையில் 5 உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு வரையறுத்தது. 2019 சனவரியில் இவ்வரையறை உலகம் முழுதும் விரிந்தது. 2020 ஏப்பிரலில், பலமுறை கைம்மாறிய செய்தியை ஒருமுறையில் ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என மேலும் சுருக்கப்பட்டது. இவை விரைவைக் குறைப்பன. மெய்ம்மையை அளப்பன அல்ல.

2018 மார்ச்சில் வோசோகி, ராய், ஆரல் என்னும் ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சி ஈண்டு நினைக்கத்தக்கது. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் பரப்பிய செய்திகளை அவர்கள் ஆராய்ந்தனர். மெய்ச்செய்தி 1500 பேரைச் சென்றடைய எடுத்த காலம், பொய்ச்செய்தி எடுத்ததைப்போல் ஏறத்தாழ ஆறு மடங்காக இருந்தது. இவ்வேறுபாட்டிற்குத் தானியங்கிக் கருவிகளைவிட மனிதரே காரணம் என அவர்கள் கண்டனர். பொய் புதுமையும் வியப்பும் உடையதாகப் புனையப்படுதலின், மனிதர் அதனை விரும்பிப் பரப்புகின்றனர். ஆகவே குற்றம் கருவியின்பால் மட்டும் இல்லை.

9. மாணாக்கர் வகையும் பாயிரமும்

பவணந்தியார் மாணாக்கரை எண்வகைப் பொருள்களோடு உவமித்து, தலை இடை கடை எனப் பகுத்தார். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடமும் ஆடும் எருமையும் பன்னாடையும் கடை. ஒரு செடியில் தழை நிறைந்திருப்பினும் அதனை விட்டுச் செடிதோறும் சென்று மேய்வது ஆடு. நெய்யை ஒழுகவிட்டுக் கசடைப் பற்றிக்கொள்வது பன்னாடை. குறுங்காணொலியில் ஒன்றை முடிக்குமுன் மற்றொன்றிற்குத் தாவும் கற்போனை ஆட்டோடும், ஒரு பாட்டின் பொருளை விட்டு அதன்கீழ் நிகழும் பூசலைப் பற்றிக்கொள்வோனைப் பன்னாடையோடும் ஒப்பிடலாம். இவ்விரு இயல்புகளும் மாணாக்கனின் குறையாக அன்று கருதப்பட்டன. இன்று அவ்வியல்புகளை வளர்ப்பதே தொழிலாக ஒரு கருவி அமைந்துள்ளது என்பதே புதுமை. வேண்டுமளவு மேய்ந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவின் இயல்பை இதற்கு மருந்தாகக் கொள்ளல் தகும். திரையில் கண்டதை மூடிவைத்து, தனித்திருந்து நினைத்துப் பார்க்கும் பொழுது ஒவ்வொரு நாளும் மாணவர்க்கு வேண்டும்.

பாடத்தின் தூய்மைக்கு உரிய மருந்தும் பாயிரத்திலேயே உள்ளது. சிறப்புப்பாயிரம் என்பது நூலாசிரியன் பெயர், நூல் வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்னும் எட்டினையும் தெரிவிப்பது. பாயிரம் இல்லாதது, எத்துணை விரிந்ததாயினும் நூலாகாது என்பது பவணந்தியார் துணிபு. கைம்மாறி வரும் ஒவ்வொரு செய்தியையும் இவ்வெட்டினால் வினவுதல் இயலும். எழுதியவர் யார்? எங்கிருந்து வந்தது? எந்நூலில், எத்தனையாம் பாட்டு? செய்யுளாயின் யாப்பு அமைகின்றதா? யாரை நோக்கி, என்ன பயன் கருதிப் பரப்பப்படுகின்றது? இவ்வினாக்களுக்கு விடை கிடையாத செய்தி பாயிரமில்லாத செய்தி. அதனைப் படித்து மகிழலாம். பாடமாகக் கொள்ளுதலும், பிறர்க்கு அனுப்புதலும் தகா.

முதலிற் குறித்த மாணவர் இவ்வழியையே பின்னர் மேற்கொண்டார். தமக்கு அச்செய்யுளை அனுப்பியவரை வினவினார். அவர்க்கு அனுப்பியவரையும் வினவினார். நான்காம் கையோடு வழி மறைந்தது. அதன்பின் தாம் கற்பித்த வகுப்பிற்குச் சென்று, அது நாலடியார் அன்று எனக் கூறி, அதற்கு ஈடாக உண்மையான நாலடியார் வெண்பா ஒன்றைப் பாட்டெண்ணோடு கரும்பலகையில் எழுதிக் கற்பித்தார். தம் பிழையை மாணவர்முன் ஒப்புதல் எளிதன்று. அன்று அச்சிறுவர் கற்றது ஒரு வெண்பாவினும் பெரிது.

10. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், சமூக ஊடகம் உடன்பயில்வார் வழி வரும் கல்வியை முன்னெப்போதும் இல்லாதவாறு விரித்துள்ளது என்பதும், உரைத்தல் வழி வரும் கல்விக்குக் களம் அளித்தும் பகிர்தல் என்னும் போலியால் அதன் முயற்சியைக் குறைத்துள்ளது என்பதும், ஆசிரியன் வழி வரும் முதற்கூற்றினையும் பாடத்தூய்மையையும் ஊறுபடுத்தியுள்ளது என்பதும், அவ்வூறு அன்றாட வாழ்வில் உயிர்க்கேடு வரை செல்லும் என்பதும் பெறப்பட்டன.

இக்கருவியை விலக்கி வாழ்தல் இனி இயலாது. விலக்குதல் வேண்டுவதும் அன்று. சுவடியிலிருந்து அச்சுக்கு மாறியபோது நம் முன்னோர் பாட ஆராய்ச்சியைப் புதிதாக வளர்த்தனர். அச்சிலிருந்து திரைக்கு மாறும் இக்காலத்தில், தமிழ்த்துறைகள் திரைப்பாட ஆராய்ச்சியை முதுகலைப் பாடத்தின் ஒரு பகுதியாக அமைத்தல் நலம். ஒவ்வொரு மாணவரும் பருவந்தோறும் உலவும் செய்யுள்கள் சிலவற்றை எடுத்து, அவற்றின் மூலத்தைக் கண்டு, மெய்யும் பொய்யும் பிரித்துக் காட்டுவாராயின், சில ஆண்டுகளில் நம்பத்தகும் ஒரு தொகுப்பு உருவாகும். பொய்யை விரைந்து பரப்பும் அதே கருவி, அத்தொகுப்பை மக்களிடம் கொண்டு செல்லவும் உதவும். நீரினின்று பாலைப் பிரிக்கும் அன்னத்தின் தொழில் அதுவேயாகும்.